நெடுக்குவாட்டில் ஒரு வானம்

மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் சுவர்களில் இருந்த காலண்டர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அடிப்பக்கம் தூக்கி, மறுபடி வந்து சுவரில் தட்டின. அப்போதுதான் சீனிராஜ் அதைக் கவனித்தான். எல்லாம் நின்றுகொண்டிருந்தன. லட்சுமி தாமரையில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் அவள் உட்கார்ந்திருந்த தாள் நின்றுகொண்டிருந்தது. முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்காவின் பள்ளிவாசல், வாயில் விரல் வைத்த வெள்ளைக்காரக் குழந்தை, பனிமலைக்குக் கீழே ஒரு ஓட்டு வீடும் இரண்டு அன்னங்களும், எல்லாமே குறுகலாக, உயரமாக, கீழே தேதிக் கட்டுக்கு இடம் விட்டு, நெடுக்குவாட்டில் நின்றன. ஒன்றுகூடப் படுத்திருக்கவில்லை. அவன் மடியில் இருந்த டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சாம்பிள் அட்டைகளுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தாள். டேப்லெட்டில் இருந்த அவன் படங்கள் எல்லாம் படுத்திருந்தன. கரிசல் காட்டின் விளிம்பு, வறண்ட வைப்பாறு, உச்சிவெயிலில் தனித்தனியாக நிற்கிற பட்டாசு ஆலை அறைகளின் வெள்ளைச் சுவர்கள், தனி வேம்பு, இரட்டைப் பனை, மேகமில்லாத வானம், மேகம் வந்த அபூர்வமான வானம், எல்லாம் அகலமாக, கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, படுக்கைவாட்டில். மூன்று வருடப் படங்கள். இது எப்படி ஒரு மனிதனுக்குத் தோன்றாமல் போகும் என்று அவன் தன்னையே கேட்டான். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற பொருள். தினமும் காலையில் பல் விளக்கிவிட்டு வந்து அவன் கையால்தான் தாளைக் கிழிக்கிறான். ராகு காலம் பார்க்கிறான். கிழித்த தாளில் மனைவி மாரீஸ்வரி பெருங்காயம் மடித்து வைக்கிறாள். சிவகாசிக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் காலண்டர் நிற்குமா படுக்குமா என்று தெரியவில்லை.

காலண்டர் ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்காகத்தான் அவன் வந்திருந்தான். ஆபீஸ் முதலாளி தனபாலன் அண்ணாச்சி நேற்றுப் போனில் சொன்னது அவனுக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. தம்பி, நீங்க போன வருசம் கார்டு குடுத்துட்டுப் போனீங்கள்ல, ஆல்பத்துல ஒரு சீனரி பக்கம் நிக்குது, வழக்கமாப் போடுற சுவிட்சர்லாந்து சலிச்சுப் போச்சுன்னு ஏஜெண்டு சொல்றாக, நம்ம பக்கத்துப் படமா ஒண்ணு கொண்டாங்க, நாளைக்கு ஃபைனல், ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போட்டாகணும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் எல்லாக் காலண்டர் ஆபீசிலும் பூஜை போட்டு அடுத்த வருடத்து ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதன்பிறகு ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போவார்கள். ஆல்பத்தில் இல்லாத படம் அடுத்த ஆடிவரை இல்லாத படம்தான். அண்ணாச்சி 'பக்கம் நிக்குது' என்றபோது அவன் மீந்து நிற்கிறது என்று எடுத்துக்கொண்டான். அவர் சொன்னதும் அதைத்தான். ஆனாலும் இப்போது அந்தச் சொல் வந்து உறுத்தியது. ராத்திரி சாப்பிடாமல்கூடப் படங்களைத் தேர்ந்தெடுத்தான். நிறம் பார்த்தான், கூர்மை பார்த்தான், தொடுவானம் சாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தான். தொடுவானம் ஒரு மயிரிழைகூடச் சாயவில்லை. வாழ்க்கையில் அவன் நேராக வைத்த ஒரே பொருள் அது.

இப்போது வெட்டிப் பார்க்கலாம். டேப்லெட்டைத் திருப்பி, இரண்டு பக்கமும் விரலால் நெருக்கினான். இரட்டைப் பனையில் ஒரு பனை போயிற்று. மிச்சமிருந்த பனை, பள்ளிக்கூடத்தில் தனியாக எழுப்பி நிறுத்தப்பட்டவனைப்போல நின்றது. வேம்பை வெட்டினான். சுற்றியிருந்த வெற்றுக் காடு போனதும் அது வெறும் வேம்பாகிவிட்டது, மரத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. அந்தக் காலியிடம்தானே படம். அதற்காகத்தானே அத்தனை வகுப்புகள். இணையத்தில் பாடம் நடத்தும் தாடிக்கார வெள்ளைக்காரர், எப்போதும் கம்பளித் தொப்பியோடு, எப்போதும் ஏதோ ஒரு ஏரிக்கரையில், வாயிலிருந்து ஆவி பறக்க, வெற்றிடத்துக்குப் பயப்படாதீர்கள், அதை மூச்சு விடச் சொல்லுங்கள் என்றார். சாத்தூரில் மே மாதத்தில் மொட்டை மாடி அறையில் சட்டையில்லாமல் உட்கார்ந்து அதைக் கேட்டு அவன் குறித்துக்கொண்டான். குளிரில் கேமரா பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் அவர் சொன்னார். அதையும் குறித்துக்கொண்டான். எதிர்ச்சுவரில் பள்ளிகொண்ட பெருமாள் இருந்தார். அவன் கண் திரும்பத் திரும்ப அங்கே போயிற்று. பெருமாள் படுத்துத்தான் இருந்தார், பாம்பின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கால் நீட்டி. ஆனால் ஓவியன் விடவில்லை. மேலே தொப்புள்கொடியிலிருந்து தாமரையை உயர்த்தி அதில் பிரம்மாவை வைத்து, அதற்கு மேல் தேவர்களை மிதக்கவிட்டு, கீழே கடலை அடுக்கடுக்காக இறக்கி, அதற்கும் கீழே கருடனையும் அனுமாரையும் உட்காரவைத்து, படுத்திருக்கிற கடவுளையே எழுப்பி நெடுக்குவாட்டில் நிறுத்திவிட்டான். அவனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. அவன் எந்த வகுப்பும் பார்த்திருக்கமாட்டான். அல்லது பார்த்திருப்பானோ என்னவோ. சீனிராஜுக்கு அந்த ஓவியன்மேல் காரணமில்லாமல் ஆத்திரம் வந்தது.

"டீ சாப்பிடுறீங்களா?" என்றாள் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்.

"வேண்டாம்மா. அண்ணாச்சி எப்ப வருவாரு?"

"உள்ளதான் இருக்காரு. மிஷின்ல கலர் சரியில்லைன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருக்காரு. முடிஞ்சதும் வருவாரு. இப்ப நீங்க உள்ள போகாம இருக்கிறதுதான் உங்களுக்கு நல்லது."

அவன் சிரிக்க முயன்றான். உள்ளேயிருந்து மிஷின் ஓடும் சத்தம் ஒரே சீராக வந்தது, மையின் வாடையோடு. எல்லாம் அரவிந்தால் வந்தது. அரவிந்த் என்று யாரும் கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வாராவாரம் வீடியோ போடுகிறார், கேமராவை வைத்துத் தொழில் செய்வது எப்படி என்று, வணக்கம் நண்பா என்று தொடங்கி. கேட்கக் கேட்க உடனே எழுந்து போய் ஏதாவது செய்யவேண்டும்போல இருக்கும். ஆனால் என்ன செய்வது என்பது அடுத்த வீடியோவில் இருக்கும். அவர் சொன்னார், உங்க கஸ்டமர் யாருன்னு தெரியாம விக்காதீங்க நண்பா, அவருக்கு ஒரு பேரு வைங்க, அவரு வயசு என்ன, எந்த ஊரு, காலைல என்ன குடிப்பாரு, வீட்டுச் சுவர் என்ன கலரு, எல்லாம் எழுதுங்க. சீனிராஜ் எழுதினான். அரவிந்த், பெங்களூரு, நாற்பது வயது, கருப்புக் காப்பி, சாம்பல் நிறச் சுவர். சுவருக்கு முன்னால் நீளமான சோபா. சோபாவுக்கு மேலே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்துக்காகத்தான் அவன் கரிசல் காட்டில் வெயிலில் நின்றான். படம் எடுக்கும்போதெல்லாம் அரவிந்த் பின்னால் நின்று பார்த்தார். இது உங்களுக்குப் பிடிக்குமா அரவிந்த், பனை ரெண்டும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருக்கட்டுமா என்று வாய்விட்டே கேட்டிருக்கிறான். ஒருநாள் மாரீஸ்வரி துணி காயப்போட மாடிக்கு வந்தவள் கேட்டுவிட்டாள். யாருங்க அந்த அரவிந்து, வீட்டுக்கு வந்தா ஒரு வாய் காப்பி குடுத்திருப்பேன்ல என்றாள். அவன் விளக்கினான். அவள் ஈரத் துணியோடு நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு, சோபா வாங்குற அளவுக்கு வச்சிருக்கவரு படம் வாங்க மாட்டாரா, வாங்குவாரு வாங்குவாரு என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினாள். அது கிண்டலா ஆறுதலா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. இணையதளம் தொடங்கியாயிற்று. தன்னைப் பற்றி எழுதியாயிற்று. நிலத்தின் மௌனத்தைத் தேடுகிறவன் என்று எழுதியிருந்தான். இப்போது நினைத்தால் காது சுட்டது. தொடர்புகொள்ள என்று கீழே ஒரு கட்டம் வைத்திருந்தான், அதில் வந்தவை எல்லாம் உங்கள் தளத்தைத் தேடலில் முதலில் கொண்டுவருகிறோம் என்ற கடிதங்கள். ஒரே ஒரு மனிதர் மட்டும் உண்மையாக எழுதியிருந்தார், பாஸ்போர்ட் சைஸ் அவசரமாக வேண்டும், கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று. சோபாவுக்கு மேலே இருக்கிற சுவர் அகலமானது. காலண்டர் தொங்குகிற சுவர் கதவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் இருப்பது. ஒரு ஆணி அடிக்கிற இடம்தான். அவன் வீட்டிலும் அங்கேதான் தொங்குகிறது. சோபா அவன் வீட்டில் கிடையாது. இல்லாத சோபாவுக்கு மேலே இல்லாத மனிதருக்காகப் படம் எடுத்துவிட்டு, இருக்கிற ஆணியை மறந்துவிட்டான்.

ஆணி. அவன் டேப்லெட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். மேஜைக் காலண்டர் படுத்துத்தானே இருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்து, அண்ணாச்சி சொன்னது சுவருக்குப் போடுகிற டெய்லி காலண்டர் ஆல்பம் என்ற நினைப்பு வந்து, முதல் நினைப்பு அணைந்தது. ஒரு நெடுக்குப் படம்கூடவா இல்லை. கேமராவை ஒருமுறைகூடத் திருப்பிப் பிடிக்கவில்லையா இந்தக் கை. முக்காலியில் கேமராவை வைக்கிற தட்டு படுக்கைவாட்டில்தான் பொருந்தும், திருப்ப இன்னொரு திருகு வேண்டும், அந்தத் திருகு வாங்கிய அன்றே காட்டில் விழுந்துவிட்டது, வெம்பூருக்குப் பக்கத்தில், பருத்திச் செடிக்கு நடுவில். குனிந்து தேடினான். தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் வரப்பில் ஓடி வந்தார். ஓடி வருகிற வயசு இல்லை அது. ரோட்டுக்கா தம்பி, எங்க பிஞ்சை போகுதா, எதுவரைக்கும் குறிச்சிருக்கீக என்றார் மூச்சு வாங்க. முக்காலியைக் கண்டால் எல்லாருக்கும் சர்வேயர்தான். நாலுவழிச் சாலை, காற்றாலை, சோலார் கம்பெனி, ஏதோ ஒன்றுக்காக நிலத்தை அளக்க வந்தவன். போட்டோ எடுக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள், சுற்றிலும் பார்ப்பார்கள், எதை என்பார்கள். நியாயமான கேள்விதான். தாடிக்காரருக்கு முன்னால் மலை இருக்கிறது, ஏரி இருக்கிறது, ஏரிக்குள் இன்னொரு மலை தலைகீழாக இருக்கிறது. முன்னால் ஏதாவது ஒரு பொருள் வேண்டும், கண் அதில் ஏறித்தான் தூரத்துக்குப் போகும், ஒரு கல் போதும் என்றார். கரிசலில் கல் எங்கே இருக்கும். சீனிராஜ் விருதுநகர்ப் பக்கமிருந்து நல்ல கல்லாக ஒன்று, பாசி படர்ந்ததுபோல நிறமுள்ளதை, எடுத்து வந்து பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்துக்கொண்டான். போகிற இடத்துக்கெல்லாம் அந்தக் கல்லும் போயிற்று. டேப்லெட்டில் உற்றுப் பார்த்தால் வைப்பாற்றிலும் அதே கல், இருக்கன்குடிப் பாதையிலும் அதே கல். இணையத்தில் படங்களை விமர்சிக்கிற ஒரு குழு இருக்கிறது, அதில் போட்டான். நைஸ் சார் என்றார்கள் பலபேர். ஒருவர் மட்டும், கல் பழக்கமான கல்லாகத் தெரிகிறதே என்று எழுதியிருந்தார். அன்று இரவு முழுவதும் அவனுக்கு அவமானமாக இருந்தது, பிறகு ஒரு மனிதர் அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது, பிறகு மறுபடி அவமானம். கல் இன்னும் பைக்கில்தான் இருக்கிறது. வெளியே வெயிலில், இந்த ஆபீஸ் வாசலில், கொதித்துக்கொண்டு.

எழுந்து போய்விடலாம். இப்போதே எழுந்து, போன் வந்ததாகக் காதில் வைத்துக்கொண்டு, வெளியே போய், பைக்கை எடுத்தால் யாருக்கும் தெரியாது. பிறகு வீட்டுக்குப் போய் என்ன சொல்வது. மாரீஸ்வரி ஒன்றும் கேட்கமாட்டாள், அதுதான் கஷ்டம். சித்திரையில் பேசி முடித்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், இந்த ஆடிக்கு ஆல்பத்துல உங்க படம் ஒரு பக்கம் வந்துருச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன், உங்க இஷ்டத்துக்குக் காட்டையே படம் புடிங்க. வரலைன்னா ஆவணி முகூர்த்தத்துலேருந்து கணேசன்கூடப் போங்க. அவன் சரி என்றான். சரி என்றபோது ஆடி ரொம்பத் தூரத்தில் இருந்தது. கணேசன் அவளுடைய தம்பி, கல்யாண வீடியோ எடுப்பவன், மூன்று கேமரா, ஒரு ட்ரோன், மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை பெண் பெயரைப் புகைக்கு நடுவே ஒளியில் எழுதுகிற மிஷின். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. மச்சான் நீங்க சும்மா ஸ்டேஜ்ல நின்னு கிஃப்ட் குடுக்கிறவங்கள மட்டும் எடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம் என்கிறான், மரியாதையாக. வரிசையாக வருவார்கள். மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேர், பெண்ணுக்கு இந்தப் பக்கம் ரெண்டு பேர், கவரை நடுவில் பிடித்து, கேமராவைப் பார்த்து, அடுத்து. அடுத்து. அடுத்து. முன்பு செய்ததுதான். அந்த மேடையில் நின்று ஒருநாள், யாரோ ஒரு சித்தப்பா தலைக்கு மேலே மண்டபத்து ஜன்னல் வழியாக மேகம் இறங்கிவருவதைப் பார்த்து, அடுத்து என்று சொல்ல மறந்து நின்றான். சித்தப்பா கவரைப் பிடித்தபடி சிரித்து, சிரித்த வாய் வலித்து, என்ன தம்பி கரண்டு போச்சா என்றார். அன்று பெய்த மழைதான் மழை. ஊரே அதைப் பேசியது. அவன் ஜன்னலில் பார்த்தான். அன்றுதான் முடிவு செய்தான். அது தப்பான முடிவு என்று யாரும் சொல்லவில்லை. மனசுக்குப் பிடிச்சதச் செய் நண்பா என்று கோயம்புத்தூர்க்காரர் மட்டும் சொன்னார், அதுவும் வேறு யாருக்கோ. மாரீஸ்வரி ஒரே ஒருநாள் காட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வெம்பூருக்கு. தண்ணீர் பாட்டிலோடு பைக் நிழலில், பைக்குக்கு எவ்வளவு நிழல் இருக்கும், அதில் குறுக்கி உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் வரட்டும் என்றான். இதுக்கு மேலயும் வெளிச்சமா என்றாள். அவன் முக்காலிக்குப் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக் குனிந்திருந்தான், கிழக்கே மேகம் கட்டியிருந்தது, சரியான நொடிக்காகக் காத்திருந்தான், அந்த நொடி வந்ததா வந்து போய்விட்டதா என்று தெரியாமல் வியர்வை கண்ணில் இறங்கியது. பின்னால் அவள் போனைத் தூக்கி ஏதோ எடுத்தாள். அக்காவுக்கு அனுப்பினாளாம். பாருக்கா இந்த வெயில்ல எம்புட்டுச் சுறுசுறுப்பா வேலை பாக்குறாருன்னு, என்று எழுதி, மூன்று சிரிப்பு முகம் போட்டு. குடும்பக் குரூப்பில் போட்டதால் அவன் டேப்லெட்டுக்கும் வந்தது. படத்தை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி வெளியே வந்தபோது கையில் மையும் நெற்றியில் விபூதியுமாக இருந்தார். பின்னாலேயே கண்ணாடி போட்ட டிசைனர் ஒருவர், கழுத்தில் ஈரக் கைக்குட்டை. "இந்தா, தம்பி வந்து எம்புட்டு நேரமாச்சு, ஏம்மா, டீ குடுத்தியா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சீனிராஜுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். சோபா. அதுவரை தான் உட்கார்ந்திருந்தது சோபா என்பதை அவன் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தான். சோபாவுக்கு மேலே வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு காலண்டர்.

"காட்டுங்க பாப்போம்."

அவன் டேப்லெட்டைக் கொடுத்தான். சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தான், எல்லாம் அகலமாக இருக்கிறது அண்ணாச்சி, ஒரு வாரம் கொடுங்கள் என்று. ஒரு வாரம் கிடையாது. அண்ணாச்சி விரலைத் துண்டில் துடைத்துவிட்டுத் தள்ளத் தொடங்கினார். பட்டாசு அறைகள். "ஏ ஆத்தி, இதப் போய் வீட்டுல மாட்டுவானா, பயமால்ல இருக்கும்." தள்ளினார். வைப்பாறு. "தண்ணி இல்லையே." தள்ளினார். வேம்பு. கொஞ்சம் நிறுத்தி டிசைனரிடம் சாய்த்துக் காட்டினார். டிசைனர் உதட்டைப் பிதுக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் பக்கவாட்டில் வைத்து நெருக்கிக் காட்டினார். "அகலம் அண்ணாச்சி. வெட்டுனா மரம் மட்டும்தான் நிக்கும்." சீனிராஜ் அந்தக் கைகளைப் பார்த்தான். தான் சற்றுமுன் விரலால் செய்தது. "எல்லாமே அகலமாவுல்ல இருக்கு. என்ன தம்பி, பஸ்ஸுக்குப் பின்னால ஒட்டுறதுக்கா எடுத்தீக?" என்றார் அண்ணாச்சி. கோபமில்லை அதில், வேடிக்கைகூட அதிகம் இல்லை. தள்ளிக்கொண்டே போனார். பனை, பனை, மேகம், பாதை, கல், கல். படங்கள் முடிந்தன. முடிந்தது தெரியாமல் விரல் இன்னும் ஒருமுறை தள்ளியது. குரூப்பில் வந்தவை தொடங்கின, யாரோ பிள்ளையின் பிறந்தநாள், ஒரு மருந்துச் சீட்டு. சீனிராஜ் கையை நீட்டினான், அவ்வளவுதான் அண்ணாச்சி என்று.

"இரு இரு. இது என்ன?"

திரையை நிறைத்துக்கொண்டு ஒரு வானம் நின்றது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம். அடியில் கரிசல் ஒரு கீற்று, அதன்மேல் மேகம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, உச்சியில் வெள்ளையாகவும் வயிற்றில் நீலக்கருப்பாகவும், மேலே போகப் போகப் போய்க்கொண்டே இருந்தது. அன்று அப்படியா இருந்தது மேகம். அவன் அன்று முழுவதும் அதைத்தான் பார்த்தான், அகலமாகப் பார்த்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே வலது ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு உருவம், முக்காலிக்குப் பின்னால், தலையில் துண்டோடு, முதுகைக் காட்டிக் குனிந்து.

"இதுல்ல படம்" என்றார் அண்ணாச்சி. "பாரு, மேல எம்புட்டு இடம் கெடக்குன்னு. கடை பேரு, போன் நம்பரு, புத்தாண்டு வாழ்த்து, எல்லாம் போட்டாலும் இடிக்காது. மழை வரப்போகுதுன்னு வேற இருக்கு. வெள்ளாமை பாக்குற சம்சாரி பாத்தான்னா கும்புட்டு மாட்டுவான். யார் எடுத்தது, நீங்கதான?"

"வீட்ல எடுத்தாங்க."

"நல்லாத்தான் எடுத்திருக்காக." கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "கீழ யாரு, சர்வேயரா? ரோடு அளக்க வந்தவனா? ஏப்பா, அந்தாள எடுத்துரலாம்ல? சர்வேயரு நிக்கிற படத்த யாரு மாட்டுவா, நிலம் போயிரும்னு பயந்துருவான்."

"ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்றார் டிசைனர். படத்தைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வாங்கிக்கொண்டார். சீனிராஜ் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றான். எப்படிச் செய்வார் என்று அவனுக்குத் தெரியும். பாடத்தில் இருந்தது. கண்ணை இழுக்கிற தேவையில்லாத பொருள்களை நீக்குவது, அதற்கென்று ஒரு முழு வகுப்பு. மின்கம்பிகள், பிளாஸ்டிக் பைகள், தூரத்து மனிதர்கள். அவன் எத்தனையோ மனிதர்களை அப்படி நீக்கியிருக்கிறான், வரப்பில் ஓடிவந்த அந்தப் பெரியவரைக்கூட. பக்கத்து மண்ணை எடுத்து மேலே தடவவேண்டும், அவசரப்படக்கூடாது. டிசைனர் அவசரப்பட்டார். வட்டம் ஒன்று வந்து தலைத்துண்டின்மேல் நின்றது, ஒரு இழு. துண்டு போயிற்று. இன்னொரு இழு. முதுகு, முக்காலியின் கால்கள். அவ்வளவுதான். கரிசல் கீற்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. அவன் நின்ற இடத்தில் மண் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

"தொடுவானம் சாஞ்சிருக்கு" என்றான் சீனிராஜ். அது சாய்ந்துதான் இருந்தது, இடப்பக்கம் நன்றாகவே.

"ஆணி சாஞ்சா எல்லாஞ் சாயத்தான் செய்யும்" என்றார் அண்ணாச்சி எழுந்துகொண்டே. "ஒரு மூலையில ரெண்டு கொக்கு மட்டும் விட்ருப்பா. சும்மா பறந்துக்கிட்டு. பொம்பளப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தம்பி, படத்துக்குக் கீழ எடுத்தவுக பேரு என்ன போட? வீட்டம்மா பேரா?"

"மாரீஸ்வரி" என்றான்.

வெளியே பைக்கின் சீட்டைத் தொடமுடியவில்லை. நிழலில் ஒதுங்கி நின்றபோது அவளே கூப்பிட்டாள். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. "என்னங்க, ஆச்சா?"

"ஆச்சு. பக்கம் கிடைச்சிருச்சு."

அவள் சத்தமாக, பக்கத்தில் யாரிடமோ சொல்வதுபோல, "நெசமாவா" என்றாள். "எனக்குத் தெரியும். நேத்தே மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். அப்ப கணேசன்கிட்ட ஆவணிக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிரட்டுமா? அவன் காலைலயே போன் போட்டுட்டான்."

"எந்தப் படம்னு கேக்கலியே நீ."

"எந்தப் படம்? ரெட்டப் பனையா?"

"நீ எடுத்தது. அன்னைக்கு வெம்பூர்ல. உங்க அக்காவுக்கு அனுப்புனியே."

குக்கர் இன்னொரு விசில் போட்டு அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "கேலி பண்ணாதீங்க. அதுலதான் நீங்க நிக்கிறீங்களே. உங்களையா காலண்டர்ல போடப்போறாக?"

"இல்ல" என்றான். "நான் இப்ப அதுல இல்ல."

அவளுக்கு அது விளங்கியதா என்று தெரியவில்லை. பக்கப் பெட்டியைத் திறந்து, கைக்குட்டையைச் சுற்றி, கல்லை வெளியே எடுத்தான். சூடு துணியையும் தாண்டி வந்தது. வாசல் வேம்பின் அடியில், யார் காலிலும் இடிக்காத இடமாகப் பார்த்து வைத்தான்.

"லைன்ல இருக்கீகளா? கணேசன்கிட்ட என்ன சொல்ல?"

"வாரேன்னு சொல்லு" என்றான் சீனிராஜ்.